தினம் இரண்டு வெள்ளை மாத்திரை

அத்தியாயம் 14

போன வாரம் இந்தக் குடும்பத்தை நாம் ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வந்தோம். லிஃப்ட்காரரின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்து, முடிவு வந்ததும் கூப்பிடுகிறோம் என்று அனுப்பியிருந்தார்கள். இன்று காலை கூப்பிட்டார்கள். போனில் எதுவும் சொல்லவில்லை. வீட்டு ஆட்களோடு வரச் சொன்னார்கள். அதுவே போதுமான பதிலாக இருந்தது.

புதிதாகச் சேர்ந்துகொள்ளும் வாசகருக்கு ஒரு வார்த்தை. லிஃப்ட்காரர் என்றால் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். முப்பத்தாறு வருஷ சர்வீஸ். வயது அறுபத்திரண்டு. எட்டு மாசமாக முதுகுவலி. இந்த வேலையில் முதுகு வலிக்காமல் வேறு என்ன வலிக்கும் என்று அவரும் நினைத்தார், வீடும் நினைத்தது.

மூத்த பிள்ளை தெருமுனையில் மருந்துக்கடை வைத்து, அதன் மாடியிலேயே குடியிருக்கிறான். வீட்டில் அவன் பெரியவன். தெருவில் அவனுக்குப் பட்டப்பெயர் 'அரை டாக்டர்'. காதில் விழுந்தால் கோபம் போல முகத்தை வைத்துக்கொள்வான். உள்ளுக்குள் இனிக்கும்.

அவனுக்கு இளையவள், வீட்டில் சின்னவள், கோர்ட்டில் சுருக்கெழுத்தாளர். சாட்சி சொல்வதைச் சொன்னபடி எழுதுவது வேலை. பொய்யைக்கூட ஒரு எழுத்து பிசகாமல் எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள்.

அம்மாவுக்கு முழங்கால் தொல்லை. ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வந்து என்ன, அந்த டாக்டரம்மா வாயைப் பாத்துட்டு உக்காரப் போறேனா?" என்று வாசல்வரை வந்து அனுப்பி வைத்தாள்.

ஆஸ்பத்திரி லிஃப்டில் எட்டுப் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். லிஃப்ட்காரர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"கேக்குதா? பக்கவாட்டுல உரசுது. இன்னும் ரெண்டு மாசம் தாங்கும். அப்புறம் நடுவுல நின்னுடும்."

மற்றவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏற்கெனவே வியாதியோடு வந்தவர்கள்.

"அப்பா, சும்மா இருங்க," என்றாள் சின்னவள்.

"உள்ளதைத்தானே சொன்னேன்."

நான்காவது மாடியில் 'ரத்த நோய் மற்றும் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவு' என்று பலகை. கீழே முப்பது நாற்காலிகள், இருபத்தொன்பதில் ஆட்கள். மிச்சமிருந்த ஒன்றில் லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். முதுகு பின்னால் படாமல், கை இரண்டையும் முட்டியில் ஊன்றி உட்காரும் வழக்கம் இப்போது அவருக்கு வந்திருந்தது.

பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"எனக்கு ரத்தம் ஜாஸ்தி," என்றார், யாரும் கேட்காமலே. "மஜ்ஜைக்கு நிறுத்தத் தெரியலையாம். உற்பத்தி பண்ணிக்கிட்டே இருக்கு. கெட்டியாயிடுமாம், அடைச்சுக்குமாம். மாசாமாசம் ஒரு பை எடுத்துக் கொட்டிடறாங்க."

"கொட்டறதா? ரத்தம் இல்லாம எத்தனை பேரு கிடக்கிறாங்க."

"நானும் கேட்டேன். இந்த ரத்தம் மத்தவங்களுக்கு ஆகாதாம். என் சம்சாரம்கூடச் சொல்றா, உங்ககிட்ட இருக்கிறது எதுவுமே அடுத்தவனுக்கு ஆகாதுன்னு."

எதிர் வரிசையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், மடியில் திருத்த வேண்டிய நோட்டுகளோடு. அவர் பேனாவை மூடினார்.

"எனக்கு வெள்ளணு ஜாஸ்தி. ஒன்பது வருஷமாச்சு. தினம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். நடுவுல நல்லாத்தானே இருக்கோம்னு நாலு மாசம் நிறுத்திப் பார்த்தேன். திரும்பி வந்துடுச்சு. இப்ப வேற மாத்திரை."

"மாத்திரையிலயே கேன்சர் அடங்குமா?" என்றார் லிஃப்ட்காரர்.

"என்னுது அடங்கும். அதோ அந்தப் பொண்ணு இருக்கே," என்று ஜன்னலோரம் காட்டினார், "அதுக்குக் கழுத்துல நெறிகட்டின கேன்சர். ஆறு மாசம் மருந்து ஏத்தி முடிச்சுட்டாங்க. இப்ப ஒண்ணுமில்ல, சும்மா காட்டிட்டுப் போக வந்திருக்கு. ஊர்ல எல்லாத்துக்கும் கேன்சர்னு ஒரே பேரை வச்சிருக்காங்க. உள்ளே வந்தாத்தான் தெரியுது, ஆளுக்கொரு வியாதி, ஆளுக்கொரு வைத்தியம்."

"உங்களுக்கு என்ன?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"தெரியல. முதுகுவலின்னு வந்தேன்."

கண்ணாடிக்கடைக்காரரும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் மறுபடி நோட்டுத் திருத்த ஆரம்பித்தார்.

பெரியவன் இத்தனையும் கேட்டுக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தான். வேறு நாளாக இருந்தால் இந்நேரம் நாலு பேருக்கு மருந்து சொல்லியிருப்பான்.

மூன்று மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா குள்ளமான பெண். முன்னுரை கிடையாது. காகிதத்தில் ஒரு எலும்பு வரைந்தாள்.

"ஐயா, எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்கு. ரத்தம் அங்கதான் உருவாகுது. அதுல கிருமியை எதிர்க்கிற புரதம் தயாரிக்கிற செல்லு ஒரு வகை. நூத்துக்கு ரெண்டு மூணு இருக்க வேண்டியது, உங்களுக்கு முப்பத்தெட்டு இருக்கு. கெட்டுப்போய்ப் பெருகியிருக்கு. இதுக்குப் பேரு மயலோமா. ரத்தப் புற்றுநோய்ல இது ஒரு ஜாதி. எலும்பை அரிக்கும். உங்க முதுகுல ரெண்டு எலும்பு நசுங்கியிருக்கு."

"நான் கனம் தூக்கினதால இல்லையா?"

"இல்ல."

அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. முப்பத்தாறு வருஷம் தூக்கியதற்கு முதுகில் ஒரு வலியாவது மிச்சம் என்று நினைத்திருந்தார். அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

"குணமாகுமா மேடம்?" சின்னவள் கேட்டாள். மடியில் நோட்டு விரிந்திருந்தது, பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒழிச்சுட்டோம்னு சொல்ற வியாதி இல்லம்மா. அடக்கி வைக்கலாம். நல்லா அடங்கினவங்க பல வருஷம் நடமாடிட்டு இருக்காங்க. வாரம் ஒரு ஊசி, தோலுக்கடியில போடறது. கூட மூணு மருந்து. நாலஞ்சு மாசம் போகட்டும். அதுக்கப்புறம் இவரோட ரத்தத்துல இருந்தே மூலச் செல்லைப் பிரிச்சு எடுத்துப் பத்திரமா வச்சுக்கிட்டு, பெரிய டோஸ் மருந்து குடுத்து உள்ளே மிச்சமிருக்கிறதை அழிச்சுட்டு, எடுத்து வச்ச செல்லைத் திரும்ப ஏத்துவோம். வேற ஆள் குடுக்க வேண்டியதில்ல. இவருதே இவருக்கு."

"அப்ப அதைச் செஞ்சிடலாமே."

"செய்யலாம்னுதான் நெனச்சேன்." டாக்டரம்மா இன்னொரு காகிதத்தைத் திருப்பினாள். "கிட்னி இடிக்குது. கிரியாட்டினின்னு ஒரு கணக்கு. ஒண்ணுக்குப் பக்கத்துல இருக்கணும். பத்து நாளைக்கு முன்னாடி ரெண்டரை. நேத்து மூணே முக்கால். இந்த வியாதி கிட்னியைக் கெடுக்கும், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இவர் ரத்தத்துல இருக்கிற கெட்ட புரதத்தோட அளவுக்கு இவ்வளவு வேகம் கூடாது. வேற எதுவோ கூடச் சேர்ந்து கெடுக்குது. ஐயா, முதுகுவலிக்கு ஏதாவது மாத்திரை..."

"இல்லை," என்றார் லிஃப்ட்காரர்.

கேள்வி முடியவே இல்லை. சின்னவளின் பென்சில் அந்த 'இல்லை'யை எழுதிவிட்டு நின்றது. பதினோரு வருஷமாக அவள் சாட்சிக் கூண்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். கேள்வி முடிவதற்குள் வருகிற பதிலை அவளுக்குத் தெரியும்.

அப்பா பெரியவனைப் பார்க்கவில்லை. பெரியவன் சுவரில் தொங்கிய சிறுநீரகப் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லவேளை," என்றாள் டாக்டரம்மா. "வலி மாத்திரைல சிலது இருக்கு, இந்த வியாதிக்காரங்க கிட்னியை நேரா கொண்டுபோய்ப் படுக்க வச்சுடும். வலிக்குதுன்னு மாசக்கணக்கா வாங்கிப் போட்டுட்டு, கிட்னி போன பிறகுதான் இங்க வர்றாங்க. உங்களுக்கு அது இல்லைன்னா வேற காரணம் தேடணும். நாளைக்குக் காலையில ஏழரைக்கு வெறும் வயித்தோட வாங்க. கிட்னியில ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்கணும். இந்த வியாதியில ரத்தம் கசியற ஆபத்து கொஞ்சம் கூடத்தான். ஆனா காரணம் தெரியாம நான் எந்த மருந்தை எவ்வளவு குடுக்கறதுன்னு முடிவு பண்ண முடியாது. கிட்னி இதே வேகத்துல போச்சுன்னா டயாலிசிஸ்லதான் ஆரம்பிக்கணும். செல்லு ஏத்தற சிகிச்சையை அநேகமா விட்டுட வேண்டியதுதான்."

தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஏழு மணிவரைக்கும் கூப்பிடலாம்.

அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சின்னவள் அண்ணனைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனாள். டீ வாங்கவில்லை. மூலை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"என்ன மாத்திரை குடுத்தே?"

"யாருக்கு?"

"அண்ணா, நான் தினம் இதைத்தான் கேட்டுட்டு இருக்கேன். யாருக்குன்னு கேக்கிறவன் நேரம் வாங்கறான்னு அர்த்தம்."

பெரியவன் மேஜையில் ஒட்டியிருந்த ஈரத்தை விரலால் துடைத்தான்.

"வலி மாத்திரைதான். எல்லாரும் போடறதுதான்."

"எத்தனை நாள்?"

"எட்டு மாசம்."

"தினமுமா?"

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"டாக்டர் சீட்டு?"

"நம்ம வீட்டுக்கு எதுக்குடி சீட்டு?"

இந்த வாக்கியத்தில்தான் இந்தக் குடும்பத்தின் எட்டு மாசமும் இருக்கிறது. எங்கெங்கோ ஆட்கள் டாக்டரைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். இவர்களுக்கு வரிசை இல்லை. பிள்ளையே மருந்துக்கடைக்காரன். பெரியவன் மாத்திரைப் பட்டையைக் கத்தரியால் நறுக்கும்போது பெயர் அச்சிட்ட பக்கம் கடையிலேயே தங்கிவிடும். பழுப்புக் கவரில் போட்டு, மேலே பேனாவால் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைவான். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் புரிந்துகொள்வார்கள் என்று அவனே கண்டுபிடித்த முறை. அப்பாவுக்கு எழுதப் படிக்க நன்றாகவே தெரியும். படிப்பதற்குத்தான் கவரில் ஒன்றும் இல்லை.

இத்தனைக்கும் அவன் படித்தவன். இந்த மாத்திரையைச் சேர்ந்தாற்போலப் பத்து நாளுக்கு மேல் போடக்கூடாது என்று பெட்டிக்குள் வரும் மடித்த காகிதத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தக் காகிதத்தைத் தினமும் பந்தாகச் சுருட்டிக் கூடையில் எறிகிறவனும் அவன்தான். ஒரு தடவையாவது "அப்பா, எட்டு மாசமா வலி போகலையே, ஒரு ரத்தம் எடுத்துப் பாப்போம்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் மாத்திரை தோற்றது என்று ஆகிவிடும். அரை டாக்டருக்கு அது பொறுக்கவில்லை.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?" என்றாள் தங்கை.

"முதல் ரிப்போர்ட் வந்தப்பவே. கிட்னி கணக்கைப் பார்த்ததும் தெரிஞ்சுது. அன்னிக்கே நிறுத்திட்டேன். கவர் கொண்டு போகல."

"அப்பா அம்மாகிட்ட ஏன்னு சொன்னியா?"

"அவங்க கேக்கல."

"நீயும் சொல்லல."

"இங்க பாரு," பெரியவன் முன்னால் குனிந்தான். குரலில் ஒரு தெம்பு வந்தது. "நான் நிறுத்திப் பத்து நாளாச்சு. மாத்திரையால கெட்டிருந்தா நிறுத்தினதும் இறங்கணும், இல்ல அப்படியே நிக்கணும். ஏறியிருக்கு. ரெண்டரை இருந்தது மூணே முக்கால். அப்ப என்ன அர்த்தம்? என் மாத்திரை இல்ல. வியாதிதான். நேத்து ரிசல்ட்டைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது."

சின்னவள் அவனை வெறித்துப் பார்த்தாள். அப்பாவின் கிட்னி இன்னும் கெட்டிருக்கிறது என்ற காகிதத்தைப் பார்த்து மூச்சு வந்ததாம் இவனுக்கு.

"அதை டாக்டர் சொல்லட்டும். நீ குடுத்ததைப் போய்ச் சொல்லு. நாளைக்கு அந்த ஊசி வேணுமா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்."

"லைசென்ஸ் போயிடும்டி. சீட்டு இல்லாம எட்டு மாசம்... எழுதிப் போட்டாங்கன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதுவுமில்லாம அப்பாவே இல்லைன்னு சொல்லிட்டாரே. அவரைப் பொய்யர் ஆக்கணுமா?"

"உன்னைக் காப்பாத்தத்தான்டா அவர் பொய் சொன்னாரு!"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். அவள் அண்ணனை 'டா' போட்டது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. இருவருக்குமே அது காதில் விழுந்தது.

"ஆறு மணிவரைக்கும் பாப்பேன்," என்றாள் எழுந்துகொண்டே. "நீ கூப்பிடலைன்னா நான் கூப்பிடுவேன்."

டாக்ஸியில் லிஃப்ட்காரர் முன் சீட்டில் உட்கார்ந்து வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பல்லைக் கடித்தார். ஒரு தடவை மட்டும் பின்னால் திரும்பிப் பெரியவனைப் பார்த்து, எதையோ கேட்க வந்தவர், டிரைவர் இருப்பதைப் பார்த்து விட்டுவிட்டார்.

வீடு வந்தபோது மணி ஐந்து.

"என்ன சொன்னாங்க?" அம்மா கதவைத் திறந்தபடியே கேட்டாள்.

சின்னவள் நோட்டைப் பார்க்காமலே சொன்னாள். மயலோமா, மஜ்ஜை, கெட்ட செல், வாரம் ஒரு ஊசி, செல் எடுத்து ஏற்றுவது, கிட்னி. அம்மா நடுவில் ஒரு இடத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அழவில்லை.

"பேரு எனக்கு வாயில நுழையல. அது கிடக்கட்டும். வைத்தியம் இருக்குன்னு சொன்னாங்கல்ல?"

"இருக்கும்மா. கிட்னி நல்லா இருந்தா."

"இருக்கும். ஒரு நாள் குடிச்சவரில்ல, ஒரு நாள் கண்டதைத் தின்னவரில்ல. கிட்னிக்கு என்ன கேடு?" என்றவள், கணவரின் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, வலிக்குதா? மூஞ்சியே கறுத்துப்போச்சு."

"கொஞ்சம்."

அவர் 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? அம்மா காலைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் தண்ணீர் டம்ளர். இன்னொரு கையை விரித்து நீட்டினாள்.

உள்ளங்கையில் வெள்ளையாக, வட்டமாக, நடுவில் ஒரு கோடு போட்ட மாத்திரை.

பெரியவனுக்குப் பெயர் அச்சிட்ட பட்டை தேவைப்படவில்லை.

"இது ஏதும்மா?" என்றான்.

"ஏதுன்னா? உன்னுதுதான். வலி கம்மியா இருக்கிற நாள்ல அவரு, இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிடுவாரு. பாழாக்கலாமா? எடுத்து டப்பாவுல போட்டு வைப்பேன். எட்டு மாசத்துல நல்லா சேந்துடுச்சு. நீ இப்ப கவர் கொண்டு வரல, சரி, புள்ள ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அலையறான், மறந்திருப்பான்னு நானே எடுத்துக் குடுத்துட்டு இருக்கேன். காலையிலகூடப் போட்டுட்டுத்தானே கிளம்பினாரு."

வாசல் நிலையருகே நின்ற சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். அதுவரை அவன் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு ஆறுதல், நிறுத்தியும் ஏறியிருக்கிறது என்ற அந்த நியாயம், அவன் முகத்தை விட்டுப் போவதை அவளால் பார்க்க முடிந்தது. அவளுக்குப் பாவமாக இல்லை. பின்னால் ஒருவேளை இருக்கலாம். இப்போது இல்லை.

லிஃப்ட்காரர் மாத்திரையை வாங்கிக்கொண்டார். வாயில் போடவில்லை. விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"என்ன டாக்டர், போடலாமா?"

எட்டு மாசமாக அவர் கேட்கிற கேலிதான் இது. கேட்டுவிட்டுச் சிரிப்பார், மகனும் "தாராளமா" என்பான். இன்று அவர் சிரிக்கவில்லை. வலிக்காகக் கேட்கவில்லை, மாத்திரைக்காகக் கேட்கவில்லை. உன் அம்மா முன்னால் நீயே சொல்கிறாயா, இல்லை நான் விழுங்கிவிடட்டுமா என்று கேட்டார். அவருக்கு இரண்டுக்கும் சம்மதம். அதுதான் கொடுமை.

பெரியவன் வாயைத் திறந்தான்.

"இன்னிக்கு வேண்டாம்ப்பா. வேற... வேற மாத்திரை கொண்டு வர்றேன்."

இவ்வளவுதான் அவனால் முடிந்தது. படித்த படிப்பு, போட்ட வெள்ளைக் கோட்டு, தெரு கொடுத்த பட்டம், எல்லாம் சேர்ந்து இந்த ஒரு வரியைத்தான் எட்டிப் பிடித்தன. லிஃப்ட்காரர் மாத்திரையை மனைவியின் கையில் திருப்பி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா, அதைவிட நல்ல மாத்திரை வந்திருக்கு போல," என்றாள் அம்மா. உள்ளே போய் டப்பாவையே எடுத்து வந்தாள். நீட்டினாள். "அப்ப இதைக் கடைக்கே எடுத்துட்டுப் போ. யாராவது முதுகுவலின்னு வந்தா குடு. நல்லாக் கேக்குதுடா இது."

பெரியவன் டப்பாவை வாங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, அதுதாம்மா."

"எது?"

"அப்பா கிட்னியைக் கெடுத்தது. டாக்டர் வேற எதுவோன்னு தேடறாங்களே, அது இதுதான். எனக்கு ரிப்போர்ட் வந்த அன்னிக்கே தெரியும். சொல்லல. பயமா இருந்தது."

அம்மாவுக்கு உடனே புரியவில்லை. டப்பாவைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். பிறகு புரிந்தது. புரிந்ததும் அவள் கேட்டது கடையைப் பற்றியோ, எட்டு மாசத்தைப் பற்றியோ இல்லை.

"இந்தப் பத்து நாளா?"

டப்பாவைக் கீழே வைத்தாள்.

"நேத்து ரொம்ப வலிக்குதுன்னாரு. ரெண்டாக் குடுத்தேன்டா."

"விடு," என்றார் லிஃப்ட்காரர், கண்ணைத் திறக்காமலே. "தெரிஞ்சா குடுத்தே?"

"எனக்குத் தெரியாது." அம்மா மகனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உனக்குத் தெரியுமில்லடா? உனக்குத் தெரிஞ்சுதே. பத்து நாளா தினம் இந்த வீட்டுக்கு வந்தியே. இதே இடத்துல நின்னியே. அந்த மாத்திரையைப் போடாதீங்கன்னு ஒரு வார்த்தை. காரணம்கூடச் சொல்ல வேண்டாம். நீ சொன்னா நான் ஏன்னு கேட்டிருக்கவா போறேன்? என்னிக்காவது கேட்டிருக்கேனா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான்.

மணி ஐந்தரை. சின்னவள் டாக்டரம்மாவின் நம்பரைப் போட்டாள். மறுமுனையில் குரல் வந்ததும் தன் பெயரையோ விஷயத்தையோ சொல்லவில்லை. போனை அண்ணனின் கையில் வைத்தாள்.

"மேடம்," என்றான் பெரியவன். "மத்தியானம் மயலோமான்னு சொன்னீங்களே, லிஃப்ட் வேலை பாத்தவரு. அவர் பையன் பேசறேன். அப்பா மாத்திரை எதுவும் போடலைன்னு சொன்னது உண்மை இல்ல. வலி மாத்திரை, தினம் ரெண்டு. எட்டு மாசம். இன்னிக்குக் காலையிலகூடப் போட்டிருக்காரு."

மாத்திரையின் பெயரையும் அளவையும் சொன்னான். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கடையில் பேசுகிற குரலாகத் தெளிவாக இருந்தது.

"யார் எழுதிக் குடுத்தது?" என்றாள் டாக்டரம்மா.

"யாரும் எழுதல. நான் மருந்துக்கடை வச்சிருக்கேன்."

"மத்தியானம் நீங்களும் அந்த ரூம்லதான நின்னீங்க?"

"ஆமா மேடம்."

"இப்பவே கூட்டிட்டு வாங்க. காலைவரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கு ஊசியும் வேண்டாம், இப்போதைக்கு. உள்ளே படுக்க வச்சு சலைன் ஏத்திப் பாக்கணும். மாத்திரையால கெட்டதுன்னா கொஞ்சம் திரும்பி வர வாய்ப்பு இருக்கு. எவ்வளவு வரும், அந்த செல்லு ஏத்தற சிகிச்சைக்குப் போதுமான்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. அந்த மாத்திரை வீட்டுல ஒண்ணுகூட இருக்கக்கூடாது."

"சரி மேடம்."

அம்மா அதற்குள் அலமாரியைத் திறந்து கணவரின் சட்டைகளைப் பைக்குள் வைக்க ஆரம்பித்திருந்தாள். மடித்ததையே மறுபடி மறுபடி மடித்தாள். சின்னவள் அப்பாவின் செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தாள். லிஃப்ட்காரர் மகனை நோக்கிக் கையை நீட்டினார், எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டி. பெரியவன் ஒரு கையில் போனும் ஒரு கையில் அப்பாவுமாக எழுந்து நின்றான்.

டாக்டரம்மா போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தான். வைக்கவில்லை.

"இன்னொண்ணு," என்றாள் டாக்டரம்மா. "இதே மாத்திரையை இப்படிச் சீட்டு இல்லாம மாசக்கணக்கா வேற யாருக்கெல்லாம் குடுத்துட்டு இருக்கீங்க?"

பெரியவன் கதவுப் பக்கம் பார்த்தான். தெருமுனையில், ஐந்தரைக்குத் திறக்க வேண்டிய கடை இன்னும் பூட்டிக் கிடந்தது. இந்நேரம் படியில் ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

"தெருவே எங்கிட்டதான் மேடம் வரும்," என்றான்.